பெருவிரலுக்கு எட்டிய வானொலி

மனித உடம்பிலே பெருவிரலைப் போல உழைத்த உறுப்பு வேறொன்று உண்டா என்று கேட்டால், உடனே விடை கூறுதல் கடினம். மண்வெட்டியின் பிடியை இறுகப் பற்றுவதும், தேயிலைக் கொழுந்தைக் கிள்ளுவதும், எழுதுகோலைத் தாங்குவதும், எழுத்தறியாதவன் சார்பிலே பத்திரத்தில் பதிந்து சாட்சி சொல்வதும் அந்த விரல்தான். இன்று அதற்குப் புதியதொரு வேலை வந்து சேர்ந்திருக்கிறது. மோட்டார் சைக்கிளின் ஹாண்டிலில், இடக்கைப் பிடியை ஒட்டிப் பொருத்திய சிறு பொத்தான்களை அழுத்தி, ஓடுகின்ற வண்டியிலேயே வானொலியை இயக்குவதுதான் அந்த வேலை.

இலக்கிய ஏடொன்றில் எழுதத்தக்க பொருளா இது என்று வாசக நண்பர்கள் நகைக்கலாம். பணம் படைத்தோரின் விளையாட்டுப் பண்டத்தைப் பற்றி ஓர் ஆசிரியனுக்கு என்ன அக்கறை என்றும் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆயினும் ஒரு கருவி எவ்வளவு சிறியதாயினும், அது யாருடைய கைக்கு எட்டுகிறது, யாருடைய கட்டளைக்கு அடங்குகிறது, யாருடைய நன்மைக்கு உழைக்கிறது என்னும் வினாக்கள் சிறியவை அல்ல. கடுகண்ணாவையில் குடியிருந்து, நாள்தோறும் கண்டிப் பக்கத்துப் பாடசாலை ஒன்றுக்கு மோட்டார் சைக்கிளிலே சென்றுவரும் எனக்கு இந்தப் பொத்தான்கள் சில உண்மைகளை உணர்த்தின. அவற்றையே இங்கு எழுத முற்படுகிறேன்.

கடுகண்ணாவைக் கணவாயைப் பகற்பொழுதில் பஸ் வண்டியிலோ புகையிரதத்திலோ கடந்தவர்கள் அதன் எழிலைப் பற்றிப் பேசுவார்கள். அலகல்ல மலைச்சாரலும், வெள்ளையர் விவிலியப் பாறை என்று பெயரிட்ட பத்தலேகலவும், அவற்றின் அடியிலே விரிந்து கிடக்கும் பசுமையும் பேச வேண்டியவைதாம். மோட்டார் சைக்கிளில் செல்பவனுக்கோ முதலில் தெரிவன வளைவுகள். கொழும்பிலிருந்து கண்டி நோக்கிவரும் ஏறத்தாழ 115 கிலோமீற்றர் நெடுஞ்சாலையில், மாவனெல்லையைத் தாண்டிய பின் பாதை மலையைப் பற்றி ஏறத் தொடங்குகிறது. ஒரு பக்கம் பாறைச் சுவர், மறுபக்கம் பள்ளம். முன்னே கரும்புகை கக்கிக்கொண்டு ஏறும் லொறி; பின்னே அவசரப்படும் தனியார் பஸ். ஹாண்டிலிலிருந்து ஒரு கையை எடுப்பதென்பது இந்த இடத்திலே உயிரைப் பணயம் வைப்பதாகும்.

இந்தப் பாதையை 1820களில், ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில், பொறியியலாளர் கப்டன் டோசனின் மேற்பார்வையில் அமைத்தார்கள். டோசன் 1829இல் இறந்தார். அவர் நினைவாக 1832இல் எழுப்பப்பட்ட கோபுரம் கடுகண்ணாவையில் இன்றும் நிற்கிறது. அவருடைய திறமையை நான் குறைத்துக் கூறவில்லை. ஆனால் கல்லுடைத்தவர்களுக்கும் மண் சுமந்தவர்களுக்கும் கோபுரம் எங்கே? இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தின் பேரால் கிராமங்களிலிருந்து அழைத்துவரப்பட்ட சிங்கள உழவர்களின் முதுகின்மேல் எழுந்த சாலை இது. பிறகு, 1867இல் கண்டியை எட்டிய இருப்புப்பாதை இதே மலையைக் குடைந்து சென்றபோது, தென்னிந்தியாவிலிருந்து வந்த நம் முன்னோரின் வியர்வையும் இம்மண்ணிலே கலந்தது. பாதையின் ஒவ்வொரு வளைவும் பெயரறியாத இரு கைகளின் ஆக்கம் என்ற நினைவோடுதான் நான் இம்மலையில் ஏறியிறங்குகிறேன்.

இன்று இப்பாதையில் ஓடும் மோட்டார் சைக்கிள்களில் மிகப் பெரும்பாலானவை நூறு, நூற்றைம்பது சீசீக்கு உட்பட்ட சிறு வண்டிகள். மேசனும் தச்சனும், மீன் விற்பவரும், தபால் ஊழியரும், ஆசிரியரும், கண்டி நகரிலே வீடு வீடாக உணவுப் பொதி கொண்டுசெல்லும் இளைஞரும் ஏறிச்செல்லும் வண்டிகள் இவை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது; 2025இன் தொடக்கத்திலேதான் தடை நீங்கியது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய வண்டியின் விலை புதிய வண்டியின் விலையையும் விஞ்சி நின்றது. 2022இன் எரிபொருட் பஞ்சத்திலே மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் பெற்றோல் என்று பங்கீடு தொடங்கியபோது, அந்த 4 லீற்றரைக் கொண்டு குடும்பத்தைக் காத்தவர்கள் எத்தனை பேர்! வண்டி அவர்களுக்கு வாகனம் மட்டுமன்று; தொழிற்கருவியும் அதுவே.

என் தமக்கையின் மகனும் அவ்வாறு பிழைப்பவன். உயர்தரப் பரீட்சை எழுதியவன்; பல்கலைக்கழகத்துக்குப் புள்ளிகள் போதவில்லை. லீசிங்கில் வண்டி எடுத்து, கண்டியில் உணவுப் பொதி கொண்டுசெல்லும் வேலையில் சேர்ந்தான். காலை பத்து மணிக்குப் புறப்பட்டால் இரவு பத்துக்குத்தான் வீடு திரும்புவான். ஒருநாள் அவன், நீர் புகாத சிறு வானொலிப் பெட்டியொன்றையும், அதனுடன் இணைக்கும் ஐந்து பொத்தான்கள் கொண்ட சிறு பலகையொன்றையும் வாங்கி வந்தான். இவ்வகைப் பெட்டிகள் இப்போது சீனத்திலிருந்து மலிவாக வருகின்றன.

"எதற்கடா இது?" என்று கேட்டேன்.

"பன்னெண்டு மணித்தியாலம் ரோட்டுலயே கெடக்கிறேன் மாமா. மனுசக் குரல் ஏதாச்சும் காதுல விழணும்ல" என்றான்.

அந்த விடை என் நெஞ்சைத் தைத்தது. அவனை அழைத்துக்கொண்டு பிலிமத்தலாவைப் பக்கத்திலுள்ள கராஜ் ஒன்றுக்குச் சென்றேன். அங்கே வேலை செய்யும் முதியவர் ஒரு முஸ்லிம் பெரியவர். ஊரார் அனைவருக்கும் அவர் நானா. ஏட்டுக் கல்வி அதிகம் பெறாதவர். ஆயினும் அன்று அவர் செய்த வேலையை அருகிருந்து பார்த்தபோது, வகுப்பறையிலே பௌதிகம் கற்பிக்கும் சிலரும் அவரிடம் பாடம் கேட்கலாம் என்று எனக்குத் தோன்றிற்று.

பொத்தான் பலகையை எங்கே பொருத்துவது என்பதே அவர் எழுப்பிய முதற் கேள்வி. மோட்டார் சைக்கிள் ஓட்டுபவனின் கைகால்கள் நான்கும் வேலையில் இருக்கின்றன. வலக்கை அக்ஸிலரேட்டரை முறுக்குகிறது. முன் பிரேக்கும் அதன் பொறுப்பே. வலக்காலின் கீழ் பின் பிரேக். இடக்காலின் கீழ் கியர். இடக்கையின் நான்கு விரல்களும் கிளச்சுக்குச் சொந்தம். எஞ்சியது இடக்கைப் பெருவிரல் ஒன்றே. அதுவும் சும்மா இருப்பதில்லை. ஹோர்ன், சிக்னல், விளக்கின் ஒளியை உயர்த்தித் தாழ்த்தும் சுவிட்ச் ஆகிய மூன்றும் அதன் ஆட்சிக்கு உட்பட்டவை. ஆகவே வானொலிப் பொத்தான்கள் அப்பெருவிரலுக்கு எட்ட வேண்டும். ஆனால் ஹோர்னோடு மயங்கக் கூடாது.

"ஹோர்ன் அடிக்கப் போய்ப் பாட்ட மாத்தினா அதோட முடிஞ்சுது கத" என்றார் நானா. பலகையை ஹோர்னுக்கு உட்புறமாக ஒரு விரலகலம் தள்ளிப் பொருத்தினார். பிறகு நடுப் பொத்தானின் மேல் ஒரு துளி பசையை விட்டுக் காயவைத்தார். அது கெட்டிப்பட்டுச் சிறு பருப்போல எழுந்தது. கண்ணால் பார்க்காமலே தடவி அறிய அடையாளம் அது; அங்கிருந்து வெளிப்புறம் நகர்ந்தால் ஒலி கூடும்; உட்புறம் நகர்ந்தால் குறையும்; நடுவிலே அழுத்தினால் வானொலி ஊமையாகும்.

ஐந்து பொத்தான்களுக்கும் பலகையிலிருந்து வந்தவை இரண்டே கம்பிகள். இதன் சூட்சுமம் எளியது. ஒவ்வொரு பொத்தானின் பின்னாலும் வெவ்வேறு அளவுள்ள மின்தடை ஒன்று இருக்கிறது. எந்தப் பொத்தானை அழுத்துகிறோமோ அதற்கேற்பக் கம்பியிலுள்ள மின்னழுத்தம் மாறுகிறது. அந்த அளவைக் கண்டு, இன்ன கட்டளை வந்திருக்கிறது என்று பெட்டி அறிந்துகொள்கிறது. உயர்தர வகுப்பு மாணவர்கள் கரும்பலகையிலே கணக்கிடும் ஓமின் விதி இங்கே ஒரு தொழிலாளியின் பெருவிரலுக்கு ஊழியம் செய்கிறது. பாடத்துக்கும் வாழ்வுக்கும் இடையிலுள்ள தூரம் இவ்வளவுதான் என்று மறுநாள் என் மாணவரிடம் கூறினேன்.

கம்பியைச் செலுத்தும்போது நானா மேலும் ஓர் எச்சரிக்கை தந்தார். "இறுக்கிக் கட்டப்படாது தம்பி. ஹாண்டில முழுசாத் திருப்பினா இழுபடும். கொஞ்ச நாள்ல உள்ளுக்கே அறுந்துபோம்." ஹாண்டிலை இரு புறமும் எல்லை வரை திருப்பிப் பார்த்து, கழுத்துப் பகுதியிலே கம்பிக்குச் சிறிது தளர்வு விட்டுக் கட்டினார். மின்சாரத்தை நேரே பற்றரியிலிருந்து எடுக்காமல் சாவிக்குப் பிறகு, இடையிலே பியூஸ் ஒன்றை வைத்து எடுத்தார். காரணம் உண்டு. சிறு வண்டிகளின் பற்றரி 4 அம்பியர்-மணி அளவினதாய் இருந்தால், ஓர் அம்பியர் இழுக்கும் பெட்டி நான்கு மணி நேரத்திலே அதை வெறுமையாக்கிவிடும். வண்டியை நிறுத்திவிட்டுப் பெட்டியை அணைக்க மறந்தவன் மாலையிலே வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் வீடு சேர வேண்டும்.

வண்டியிலே வானொலி என்பது புதிய ஆசையன்று. 1930இல் அமெரிக்காவில் கால்வின் சகோதரரின் கம்பனி மோட்டரோலா என்ற பெயரில் கார் வானொலியை விற்கத் தொடங்கிற்று. அது ஓட்டுநரின் கவனத்தைக் கெடுக்கும், தடைசெய்ய வேண்டும் என்ற வாதம் அங்கு அப்போதே எழுந்தது. கார்களிலும் மோட்டார் சைக்கிள்களிலும் இன்னொரு தொல்லையும் இருந்தது. எஞ்சினின் பிளக்கிலே பாயும் ஒவ்வொரு தீப்பொறியும் தானே ஒரு சிறு அலைபரப்பியாகி, வானொலியிலே கரகரவென்று ஒலித்தது. அலையின் உயரத்தை மாற்றிச் செய்தி அனுப்பும் பழைய முறையில், தீப்பொறியின் ஓசையும் பாட்டோடு சேர்ந்து உள்ளே வந்துவிடும். இதற்கு மாற்றாக, அலையின் அதிர்வெண்ணை மாற்றிச் செய்தி அனுப்பும் முறையை வகுத்தவர் எட்வின் ஆம்ஸ்ட்ராங் என்னும் அமெரிக்கர். நாம் எஃப். எம். என்று அழைக்கும் அம்முறைக்கான உரிமப் பத்திரங்களை 1933இல் அவர் பெற்றார்.

இந்த ஆம்ஸ்ட்ராங், மாணவப் பருவத்திலே கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குச் சிவப்பு நிற மோட்டார் சைக்கிளில் சென்று வந்தவர் என்பது சுவையான செய்தி. ஆனால் அவருடைய முடிவு சுவையானதன்று. பெரும் வானொலிக் கம்பனியான ஆர்.சி.ஏ. அவருடைய கண்டுபிடிப்பை ஏற்று உரிய பங்கைத் தருவதற்குப் பதிலாக, நீதிமன்றங்களில் ஆண்டுக்கணக்காக அவரை அலைக்கழித்தது. பணமும் உடல்நலமும் இல்லறமும் சிதைந்த நிலையில், 1954 ஜனவரியில் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அவர் மனைவி விடாது வழக்காடினார். எஞ்சிய வழக்குகளின் இறுதி வெற்றி 1967இல்தான் வந்தது. அறிவாளியின் மூளையில் உதித்ததும் தொழிலாளியின் கையில் உருப்பெற்றதும் முதலாளியின் பெட்டியில் போய் அடைபடும் கதை, தேயிலைத் தோட்டத்தில் மட்டும் நிகழ்வதன்று.

பொத்தான்களுக்கு வருவோம். ஹாண்டிலிலிருந்தே வானொலியை இயக்கும் வசதியை முதலில் அனுபவித்தவர்கள் பெருஞ்செல்வர்களே. ஹொண்டா கம்பனி 1975ஆம் ஆண்டுக்கென வெளியிட்ட கோல்ட் விங் என்னும் ஆயிரம் சீசீ வண்டியின் பரம்பரையில், 1980கள் தொடக்கம் வானொலியும் ஒலிபெருக்கிகளும் இடம்பெற்றன. இடக்கைப் பெருவிரலுக்கு எட்டும்படி பொத்தான்களும் அமைந்தன. வேகம் கூடிக் காற்றின் இரைச்சல் மிகும்போது ஒலியும் தானாகவே உயரும் ஏற்பாடும் வந்தது. அகன்ற நெடுஞ்சாலைகளிலே ஓய்வாக உலா வருவோருக்காக ஆக்கிய வசதி அது. அதே வசதி இன்று ஒரு பசைத் துளியின் உதவியோடு பிலிமத்தலாவைக் கராஜில் ஓர் ஏழை இளைஞனின் வண்டியில் ஏறியிருக்கிறது. இதை ஆடம்பரம் என்று ஒதுக்குவோர், பன்னிரண்டு மணி நேரம் மழையிலும் வெயிலிலும் தனித்து ஓடுபவனுக்குப் பாட்டும் செய்தியும் ஆடம்பரமா என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

கவனம் சிதறாதா என்ற வினா எஞ்சி நிற்கிறது. அதனைத் தட்டிக்கழிப்பது நேர்மையாகாது. மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வண்டி, ஒரு விநாடியில் 11 மீற்றர் ஓடுகிறது. இரண்டு விநாடி கீழே குனிந்து பெட்டியைப் பார்த்தால், குருடனாக 22 மீற்றர் சென்றாயிற்று. கடுகண்ணாவையில் ஒரு வளைவுக்கு அது போதும். கணவாயிலே வானொலி மௌனமாயிருப்பதே நலம் என்பது என் கருத்து. ஆனால் அதை மௌனமாக்கவும் ஒரு விரல் தேவையன்றோ? பார்க்காமல், கையை எடுக்காமல், தொட்டறிந்து அணைக்கக்கூடிய பொத்தானே அதற்கு உகந்தது. கண்ணாடித் திரையிலே எல்லாவற்றையும் அடக்கி, பார்த்துத்தான் தொட முடியும் என்ற நிலைக்குக் கார்களைக் கொண்டுபோன கம்பனிகளும் இப்போது திரும்பிப் பார்க்க வேண்டியதாயிற்று. ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்பை மதிப்பிடும் யூரோ என்காப் அமைப்பு, 2026 முதல், ஹோர்ன், சிக்னல் போன்ற அடிப்படைச் செயல்களுக்குக் கையால் உணரத்தக்க தனிச் சுவிட்ச்கள் இருந்தாலே உயர்ந்த மதிப்பளிப்பதென முடிவுசெய்தது. நானாவின் பசைத் துளி சொன்னதும் இதுவே.

பின்னர் என் வண்டியிலும் அத்தகைய பெட்டியொன்றைப் பொருத்திக்கொண்டேன். கணவாயைக் கடக்கும்போதெல்லாம் இம்மலையின் வடிவம் காதிலே கேட்கிறது. எஃப். எம். அலைகளின் நீளம் மூன்று மீற்றர் அளவினதே. நெடிய மத்திய அலைகளைப் போல் அவை மலையை வளைந்து வருவதில்லை. பாறை மறைத்தால் நின்றுவிடும். ஒரு வளைவில் தெளிவாகக் கேட்ட தமிழ்க் குரல் அடுத்த வளைவில் இரைச்சலாகும். மலை கடந்தால் அதே நிலையத்தை வேறொரு அலைவரிசையிலே தேட வேண்டியும் நேரும். பெருவிரலுக்கு எட்டும் பொத்தான் இல்லாவிடில், தேடுவதற்காக வண்டியை ஓரங்கட்ட வேண்டும். அல்லது தமிழை இழக்க வேண்டும்.

இந்த மண்ணுக்கும் வானொலிக்கும் உள்ள உறவு பழையது. கொழும்பு வானொலி 1925 டிசம்பரில் தொடங்கிற்று. 1944இல் மவுண்ட்பேட்டன் தமது தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தைப் பேராதனைக்குக் கொண்டுவந்தார். போர்வீரருக்காக அந்த நாளில் ஏகலையிலே நிறுவிய ஆற்றல் மிகுந்த சிற்றலை அலைபரப்பி, போர் முடிந்தபின் இலங்கை வானொலிக்குக் கிடைத்தது. அதன் குரல் இந்தியா முழுவதும் ஒலித்தது நம் பெற்றோர் அறிந்த கதை. தோட்டத்து லயங்களில், ஒரு வீட்டின் ட்ரான்சிஸ்டரைச் சுற்றிப் பத்து வீட்டார் கூடியிருந்த காலமும் உண்டு. பள்ளிக்கூடம் எட்டாத இடங்களுக்கும் வானொலி எட்டியது. பத்திரிகை வாசிக்கத் தெரியாத தாய்மாருக்கு உலகத்தைக் காட்டிய சாளரம் அது. பக்கத்திலுள்ள கொத்மலையில் 1989இல் எழுந்த சமூக வானொலியோ, கேட்போரே பேசுவோராகவும் ஆகலாம் என்பதைக் காட்டிற்று.

இனி என் மருமகனின் ஹாண்டிலுக்குத் திரும்புகிறேன். அதிலே வானொலிப் பொத்தான்களுக்குப் பக்கத்தில் இன்னொன்றும் இருக்கிறது. பிளாஸ்டிக் தாங்கியிலே பொருத்திய கைத்தொலைபேசி. உணவுக் கம்பனியின் கட்டளைகள் அதன் வழியாகத்தான் வருகின்றன. மணி ஒலித்தால் சில விநாடிகளுக்குள் திரையைத் தொட்டு ஏற்க வேண்டும். ஏற்காவிட்டால் அந்த ஓட்டம் மற்றொருவனுக்குப் போய்விடும். அடிக்கடி மறுத்தால் அவனுடைய மதிப்பெண் குறையும். மதிப்பெண் குறைந்தால் அடுத்த நாளின் ஓட்டங்களும் குறையும். மேற்பார்வையாளன் என்று எவரையும் அவன் கண்ணால் கண்டதில்லை. கங்காணியின் கோல் மறைந்து, மணியோசை வந்திருக்கிறது.

நண்பர்களே, இவ்விரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வானொலி அவனை மகிழ்விக்க வந்தது, அதற்குப் பொத்தான் உண்டு, வேண்டாதபோது ஊமையாக்கலாம். தொலைபேசி அவனை வேலை வாங்க வந்தது. அதை ஊமையாக்கினால் அன்றைய கூலி போயிற்று. பாட்டைக் கேட்க அவன் கண்ணைப் பாதையிலிருந்து எடுக்க வேண்டியதில்லை. கட்டளையை ஏற்கக் கண்ணையும் எடுக்க வேண்டும், கையையும் எடுக்க வேண்டும். ஓட்டும்போது தொலைபேசியைக் கையில் ஏந்துவது குற்றம் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் ஓட்டிக்கொண்டிருப்பவனிடம் சில விநாடிகளுக்குள் விடை கேட்பது யாருடைய குற்றம் என்பதை எவரும் சொல்வதில்லை. பொழுதுபோக்கு ஆபத்து என்று ஏசுவோர், வேலையின் பேரால் வரும் இப்பேராபத்தைக் காணாதிருப்பது வியப்பே.

2025 நவம்பர் இந்த வேறுபாட்டைக் கொடிய வெளிச்சத்தில் காட்டிற்று. அம்மாதத்தின் பிற்பகுதியில், கொழும்பு–கண்டி வீதியில் பஹல கடுகண்ணாவையில் பாறையும் மண்ணும் சரிந்து கடையொன்றின்மேல் விழுந்ததில் உயிர்கள் மாண்டன, நெடுஞ்சாலை மூடப்பட்டது. அந்தத் துயரம் ஆறுமுன்னரே டிட்வா புயல் வந்தது. கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் மலைச்சரிவுகள் பெயர்ந்தன. நாடு முழுவதும் நூற்றுக்கணக்கானோர் இறந்தனர். எச்சரிக்கைகள் தமிழிலே உரிய நேரத்தில் வரவில்லை என்ற குறையும் அப்போது பலராலும் எழுப்பப்பட்டது. மண்சரிவின் முதற் பலியாகும் லயத்து மக்களின் மொழி தமிழ் என்பதை நினைந்தால், அது எத்தகைய குறை என்பது விளங்கும்.

அந்த வாரத்தின் ஒரு மாலை, கொட்டும் மழையிலே கண்டியில் நின்றிருந்த மருமகனுக்கு, மலைச்சரிவில் உள்ள ஒரு வீட்டுக்கு உணவு கொண்டுசெல்லும்படி மணி ஒலித்தது. அதே வேளையில் வானொலியிலே, கண்டி மாவட்டத்துச் சரிவுப் பாதைகளைத் தவிர்க்குமாறு அறிவிப்பு வந்துகொண்டிருந்தது. பெருவிரலால் ஒலியைக் கூட்டி முழுவதையும் கேட்டான். ஓட்டத்தை மறுத்தான். அடுத்து வந்ததையும் மறுத்தான். அந்த மாதத்து மதிப்பெண் சரிந்தது, ஊக்கத்தொகை நின்றது, லீசிங் தவணைக்கு என் தமக்கை தன் காதுத் தோட்டை அடகு வைத்தாள்.

அவன் சொன்ன சொற்கள் இவை: "ரேடியோ போகாதேங்குது மாமா, போன் போங்குது. ரெண்டும் என் ஹேண்டில்லதான் இருக்கு. ரேடியோ சொல்றத கேட்டா உசுரு இருக்கு, சம்பளம் இல்ல."

உயிருக்கும் கூலிக்கும் இடையே ஒன்றைத் தெரிந்தெடு என்று ஓர் இருபத்திரண்டு வயது இளைஞனை நிறுத்துகின்ற அமைப்பு நாகரிகமானது என்று கூற எனக்கு நாவெழவில்லை. அவன் சரியானதையே தெரிந்தெடுத்தான். ஆனால் அவனுக்குக் குடும்பத்திலே அடகு வைக்க ஒரு தோடு இருந்தது. அதுவும் இல்லாத வீட்டிலிருந்து வந்தவன் மழையிலே அந்தச் சரிவில் ஏறியிருப்பான். அவனுடைய துணிவைப் பாராட்டி அடுத்தவனுடைய இல்லாமையை மறப்பது நமக்கு அழகன்று.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை தெளிவாக இருக்கின்றன. அரசு அபாய எச்சரிக்கை விடுத்த பகுதியில், ஓட்டத்தை மறுப்பவனுக்கு மதிப்பெண்ணோ ஊக்கத்தொகையோ குறையக் கூடாது. வண்டி ஓடும்போது விடை கேட்கும் வழக்கம் ஒழிய வேண்டும். நின்ற பிறகே மணி ஒலிக்கும்படி அமைப்பது அக்கம்பனிகளின் பொறியியலாளருக்கு இயலாத காரியமன்று. காத்திருக்கும் நேரத்துக்கும் கூலி வேண்டும். எச்சரிக்கைகள் சிங்களத்தில் ஒலிக்கும் அதே நிமிடத்தில் தமிழிலும் ஒலிக்க வேண்டும். இவற்றைத் தனியொருவன் கேட்டால் மறுநாள் அவனுடைய மணி ஒலிக்காது. பலர் சேர்ந்து கேட்டால்தான் நடக்கும். கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்தடியிலே மழைக்கு ஒதுங்கி நிற்கும் இவ்விளைஞர்களிற் சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் இருக்கிறார்கள். ஒருவனுடைய வண்டி நின்றுபோனால் மற்றவன் தன் பெற்றோலைக் குழாயால் உறிஞ்சித் தருவதை நான் கண்டிருக்கிறேன். சங்கத்துக்கு வேண்டிய முதல் அங்கம் அங்கே ஏற்கெனவே இருக்கிறது.

ஆசிரியராகிய நமக்கும் இதிலே பங்குண்டு. மின்தடையின் கணக்கைக் கற்பிக்கும்போது அந்தப் பொத்தானைக் காட்டுவோம். பொத்தானைக் காட்டும்போது, எந்தக் கட்டளையை மனிதன் ஊமையாக்கலாம், எந்தக் கட்டளை மனிதனை ஊமையாக்குகிறது என்பதையும் பேசுவோம். நம் வகுப்பறைகளிலிருந்து வெளியேறும் பிள்ளைகளிற் பலர் நாளை இந்த வண்டிகளில்தான் ஏறப்போகிறார்கள். கருவிகளைக் கையாளக் கற்றவர்களாக மட்டுமின்றி, கருவிகளின்மேல் உரிமை கேட்கவும் கற்றவர்களாக அவர்கள் ஏறட்டும். கல்லுடைத்து இந்தக் கணவாயைத் திறந்தவர்களுக்கு, எந்தக் கல்லை எப்போது உடைப்பது என்று சொல்லும் உரிமை இருக்கவில்லை. அவர்கள் திறந்த பாதையிலே ஓடுகின்ற பிள்ளைகளுக்காவது, எப்போது நிற்பது என்று தாமே தீர்மானிக்கும் உரிமை வேண்டும்.